கடாரத்தைப் படம் பிடிக்க வருகிறவர்களுக்கு

சோழர் காலப் படம் எடுக்கும், எடுக்கத் திட்டமிடும் சென்னைத் தயாரிப்பாளர்களுக்கும் இயக்குநர்களுக்கும்,

பினாங்கிலிருந்து வணக்கம்.

ராஜேந்திர சோழன் கடாரத்தின் மீது படை செலுத்தி 2025-ஆம் ஆண்டோடு ஆயிரம் ஆண்டுகள் ஆகிவிட்டன. கங்கைகொண்டசோழபுரத்தில் விழா எடுத்தார்கள். இந்தியப் பிரதமரே வந்துபோனார். சோழர் என்ற பெயருக்குத் திரையரங்கில் நல்ல விலை இருக்கிற காலம் இது. ஆகவே கடாரப் படையெடுப்பைப் படமாக்கும் எண்ணம் உங்களில் ஒருவருக்காவது இருக்கும் என்று சொல்ல ஜாதகம் பார்க்கத் தேவையில்லை. கதை இன்னும் காகிதத்தில் இருக்கும்போதே இந்த மடல் உங்கள் கைக்கு வந்தால் நல்லது என்றுதான் எழுதுகிறேன். செட் போட்டு, கதாநாயகனின் தேதிகளும் உறுதியான பிறகு எவர் சொல்லியும் ஒரு செங்கல்கூட நகராது.

என் தொழில் சுற்றுலா வழிகாட்டி. தமிழ்நாட்டிலிருந்து வருகிற குடும்பங்களையும், இங்குள்ள தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளையும் ஜார்ஜ்டவுன், தண்ணீர்மலை, கொடிமலை என்று சுற்றிக் காட்டிவிட்டு, விரும்புகிறவர்களைப் பூஜாங் பள்ளத்தாக்குக்கும் அழைத்துப்போவேன். பட்டர்வொர்த்திலிருந்து நெடுஞ்சாலையில் வடக்கே போய்ச் சுங்கை பட்டாணியில் இறங்கினால் மெர்போக் அதிக தூரமில்லை. குனோங் ஜெராய் மலையின் அடிவாரம். பழைய கடாரம் என்று அறிஞர்கள் அடையாளம் காட்டும் நிலம் அதுதான். நீங்கள் அங்கே சென்னையிலோ ஐதராபாத்திலோ உட்கார்ந்து எடுக்கும் சோழர் படத்தின் பலன் இங்கே என் தலையில்தான் விடிகிறது. படம் ஓடி முடிந்ததும் வருகிறவர்கள் வண்டியை விட்டு இறங்கியவுடன் கேட்கும் கேள்விகள் மாறிவிடுகின்றன. கோட்டை எங்கே? போர் நடந்த இடம் எங்கே? சோழன் கட்டிய கோபுரம் எங்கே?

நான் அவர்களைப் புக்கிட் பத்து பஹாட்டில் இருக்கும் கோயிலுக்குக் கூட்டிப்போகிறேன். ஓடைக்கரையில் கருங்கல் அடுக்கிய ஒரு தளம். முன்னால் மண்டபம் இருந்த இடம், பின்னால் கருவறை இருந்த இடம். மண்டபத்தில் தூண்கள் நின்ற இடங்களில் கல் பீடங்கள் மட்டும் இருக்கின்றன. ஒவ்வொன்றின் நடுவிலும் மரத்தூணின் அடியைச் செருகுவதற்கு வெட்டிய குழி. தூணும் கூரையும் எங்கள் ஊர் மழைக்குப் போய்ச் சேர்ந்து பல நூற்றாண்டுகள் ஆகின்றன. 1936, 37-ல் குவாரிச் வேல்ஸ் என்ற ஆங்கிலேய ஆய்வாளர் இதைத் தோண்டி வெளியே கொண்டுவந்தார். 1959, 60-ல் கற்களை மறுபடி அடுக்கி நிறுத்தினார்கள். அப்போது தளத்துக்கு அடியில் கற்பேழைகள் கிடைத்தன. பேழைக்குள் சின்னச் சின்னக் குழிகள். அவற்றில் பொன்னும் மணியுமாகத் துணுக்குகள். இன்றும் மூலவரைப் பிரதிஷ்டை செய்யும்போது பீடத்துக்கு அடியில் யந்திரத் தகடும் நவரத்தினமும் வைக்கிறோமே, அதே வழக்கத்தின் முன்னோடி. இதைச் சொல்லும்போது பெரியவர்கள் சிலரின் முகம் மாறும். மற்றவர்கள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "இவ்வளவுதானா?" என்பார்கள். ஒருமுறை ஒரு சிறுவன் பீடத்துக் குழியில் தேங்கிய மழைநீரில் விரலை விட்டு ஆழம் பார்த்துக்கொண்டே, "சார், இதைப் பிடிக்கவா அத்தனை கப்பல் வந்தது?" என்று கேட்டான். கேள்வி நியாயமானது. அத்தனை கப்பலை அவன் எங்கே எண்ணினான் என்பதும் எனக்குத் தெரியும்.

கப்பல் கணக்கையே முதலில் எடுத்துக்கொள்வோம். ராஜேந்திரனின் மெய்க்கீர்த்தி உங்கள் ஆய்வுக் குழுவிடம் இருக்கும். இல்லாவிட்டால் தஞ்சைப் பெரிய கோயில் சுவரில் இருக்கிறது. "அலைகடல் நடுவுட் பலகலஞ் செலுத்தி" என்கிறது அது. பல கலம். எத்தனை, எவ்வளவு பெரியவை, முகப்பில் சிங்கம் இருந்ததா, புலி இருந்ததா என்று ஒன்றும் இல்லை. மன்னன் புகழைப் பாடுவதற்கென்றே எழுதிய மெய்க்கீர்த்தியே "பல" என்பதோடு நிறுத்திக்கொள்ளும்போது, உங்கள் முன்னோட்டக் காட்சிக்கு மட்டும் ஆயிரம் கப்பல் எந்தத் துறைமுகத்திலிருந்து கிளம்புகிறது? சோழர் கலம் ஒன்றுகூட இன்றுவரை முழுதாகக் கிடைக்கவில்லை. வணிகர்களின் மரக்கலங்களே படையையும் ஏற்றிச் சென்றிருக்க வேண்டும் என்று கருதுகிறவர்கள் பலர். திரையில் வருவதோ, துடுப்பு வரிசையும் கூர்மூக்கும் கொண்ட கிரேக்கக் கப்பல். அதன் மேல் புலிக்கொடி.

அதே மெய்க்கீர்த்தி எதையெல்லாம் சொல்கிறது என்பதைப் பாருங்கள். கடாரத்து அரசன் சங்கிராம விசயோத்துங்கவர்மனை யானைப் படையோடு அகப்படுத்தியதைச் சொல்கிறது. அவன் சேர்த்து வைத்த செல்வத்தைக் கைப்பற்றியதைச் சொல்கிறது. அவனுடைய நகரத்தின் போர் வாசலில் நின்ற விச்சாதிரத் தோரணம், மணி பதித்த புதவம், கதவம் ஆகியவற்றைத் தனித்தனியே சொல்கிறது. பிறகு ஸ்ரீவிஜயம் (சுமத்ராவை மையமாகக் கொண்டு, கடாரத்தையும் தன் பிடியில் வைத்திருந்த கடல் வணிக அரசு), பண்ணை, மலையூர், இலங்காசோகம், தலைத்தக்கோலம், மாதமாலிங்கம், இலாமுரி தேசம், மானக்கவாரம் என்று ஊர்கள் வரிசையாக வந்து, கடைசியில் "தொடுகடல் காவல் கடுமுரட் கடாரம்" வருகிறது. இந்தப் பெயர்களை இன்றைய வரைபடத்தில் வைத்தால் சுமத்ரா, தாய்லாந்தின் தென்பகுதி, மலேசியா, நிக்கோபார் என்று விரியும். வாசல் கதவைக்கூட மறக்காமல் எழுதிய புலவர், கடாரத்தில் சோழன் ஆளுநரை வைத்தான், வரி வாங்கினான், ஆண்டான் என்று ஒரு வரி எழுதவில்லை. படை வந்தது, வென்றது, செல்வத்தோடு திரும்பியது. மூன்றே ஆண்டில், 1028-ல், ஸ்ரீவிஜயத்திலிருந்து சீன அரசவைக்கு மறுபடி தூதர்கள் போயிருக்கிறார்கள். நாற்பது ஆண்டுக்குப் பிறகு வீரராஜேந்திரனும் கடாரத்தை வென்றதாகச் சொல்லிக்கொண்டான். அவனுடைய கல்வெட்டே, வென்ற நாட்டை அடைக்கலம் வந்த அரசனுக்குத் திருப்பிக் கொடுத்ததையும் சேர்த்துச் சொல்கிறது. தென்கிழக்காசியா முழுவதற்கும் புலிக்கொடி வண்ணம் பூசிய வரைபடத்தைக் கைப்பேசியில் எடுத்துக்கொண்டு என்னிடம் வாதாட வருகிறவர்களுக்கு இதை விளக்கவே பாதிப் பயணம் போய்விடுகிறது.

பிழை என்பதற்காக மட்டும் நான் இத்தனை எரிச்சலோடு எழுதவில்லை. உங்கள் காலடியில் கிடக்கும் நல்ல கதையை மிதித்துக்கொண்டு போகிறீர்களே என்ற ஆற்றாமையும் இருக்கிறது.

1006-ஐ ஒட்டிய காலம். நாகப்பட்டினத்தில் ஒரு பௌத்த விகாரம் எழுகிறது. கட்டுகிறவர் கடாரத்து அரசர் சூளாமணிவர்மர். வேலை முடிவதற்குள் அவர் காலமாகிவிட, மகன் மாறவிசயோத்துங்கவர்மன் தந்தையின் பெயராலேயே அதை முடிக்கிறான். சிவனுக்குத் தஞ்சையில் அவ்வளவு பெரிய கோயில் எழுப்பிக்கொண்டிருந்த ராஜராஜன், கடல் கடந்த ஒரு பௌத்த அரசன் தன் துறைமுகத்தில் கட்டிய விகாரத்துக்கு ஆனைமங்கலம் என்ற ஊரையே தானமாகக் கொடுக்கிறான். ராஜராஜன் இறந்த பிறகு, அந்தத் தானம் என்றும் நிலைக்க வேண்டும் என்று சாசனம் செய்வித்தவன் யார் தெரியுமா? மகன் ராஜேந்திரன். அவைதான் இருபத்தொரு ஏடுகள் கொண்ட பெரிய லெய்டன் செப்பேடுகள். நெதர்லாந்தின் லெய்டன் நகருக்குப் போய்ச் சேர்ந்ததால் அந்தப் பெயர். ராஜேந்திரனின் ஆட்சித் தொடக்கத்திலும் உறவு கெட்டுவிடவில்லை. கடாரத்தரசனின் முகவர்கள் நாகப்பட்டினம் காயாரோகணசுவாமி கோயிலுக்கு நகையும் விளக்கும் கொடுத்திருக்கிறார்கள். சீனக் கனகம் கொடுத்ததும் கல்வெட்டில் இருக்கிறது.

பிறகு 1025.

தான் சாசனம் செய்து கொடுத்த அதே வம்சத்தின் மீது அதே ராஜேந்திரன் படை அனுப்புகிறான். ஏன்? மெய்க்கீர்த்தியில் காரணம் இல்லை. சீன வாணிபத்தில் போட்டி என்கிறார்கள் சிலர். மலாக்கா நீரிணையைத் தன் பிடியில் வைத்துக்கொண்டு கப்பல்களை ஸ்ரீவிஜயம் நெருக்கியது என்கிறார்கள் சிலர். வணிகக் குழுக்களின் தூண்டுதல், வெறும் கொள்ளை ஆசை என்றும் சொல்வார் உண்டு. நாகப்பட்டினத்தில் அந்தச் செய்தி வந்த அன்று விகாரத்துப் பிக்குகள் என்ன செய்திருப்பார்கள்? கடாரத்து முகவர்களின் கிடங்குகளை யார் பூட்டியிருப்பார்கள்? துறையில் இரண்டு பக்கத்துக்கும் கணக்கு எழுதிய தமிழ் வணிகன் யார் பக்கம் நின்றிருப்பான்? கல்வெட்டு வாய் மூடியிருக்கும் இந்த இடத்தில்தான் கற்பனைக்கு வேலை. எவ்வளவு வேண்டுமானாலும் கற்பனை செய்யுங்கள், ஒருவரும் உங்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் இந்த மாதிரிப் படங்களில் வழக்கமாக வருவது என்ன? அரசவையில் தூதுவனை அவமதிப்பது, இளவரசியைக் கடத்துவது, இடைவேளையில் கதாநாயகன் வாளை உருவிச் சபதம் போடுவது. ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய துறைமுக அரசியலும், எந்த ஊர் அண்ணன் தங்கை கதையும் உங்களுக்கு ஒரே அச்சில்தான் வார்க்கப்படுகின்றன.

உங்கள் நெருக்கடி எனக்குப் புரியாமல் இல்லை. மலேசியா உங்கள் வெளிநாட்டுச் சந்தைகளில் முக்கியமானது. இங்கே முதல் நாள் முதல் காட்சிக்கு விடிவதற்கு முன்பே போய் நிற்கிற கூட்டத்தை நானும் பார்க்கிறேன். படத்தின் பணம் பெரும்பாலும் உங்களுடையதே அல்ல, வட்டிக்கு வாங்கியது. வெளியாகும் முன்பே ஒலி, தொலைக்காட்சி, இணையத் திரை, வெளிநாடு என்று உரிமைகளைத் துண்டு போட்டு விற்றாக வேண்டும். விற்க வேண்டுமானால் பெரிய முகம் வேண்டும். பெரிய முகத்துக்கு அறிமுகக் காட்சி வேண்டும், பாட்டு வேண்டும், அவர் எந்த இடத்திலும் தோற்கவோ தயங்கவோ கூடாது. முதல் மூன்று நாள் வசூல் சரியாக இல்லையென்றால் திங்கட்கிழமை திரை கைமாறிவிடும். எங்கள் ஊர்த் திரையரங்குகளும் அந்தக் கணக்கில் உங்களைவிட இரக்கம் காட்டுவதில்லை. போதாக்குறைக்கு இந்தி, தெலுங்கு, கன்னடம், மலையாளம் என்று எல்லாவற்றிலும் ஒரே நாளில் ஓட வேண்டும். கடாரம் என்ற பெயரையே கேள்விப்படாத லக்னோ ரசிகருக்கும் யார் நல்லவன், யார் கெட்டவன் என்பது பார்த்த உடனே விளங்க வேண்டும். விளைவு, எதிரிக்கு முகத்தில் கரியும் கழுத்தில் எலும்பு மாலையும். ஐந்து மொழியில் கத்த வேண்டிய படம் எந்த மொழியிலும் மெதுவாகப் பேச முடிவதில்லை.

பணத்தின் அழுத்தம் எங்கே முடிகிறது, சோம்பல் எங்கே தொடங்குகிறது என்பது தனிக் கேள்வி. கடாரத்தரசனுக்கு அவன் பெயரைச் சொல்லி அழைக்க ஒரு காசும் செலவில்லை. எலும்பு மாலையை எடுத்துவிட்டால் ஒப்பனைச் செலவு குறையத்தான் செய்யும்.

அந்த எலும்பு மாலைதான் என்னை மிகவும் உறுத்துகிறது. நீங்கள் காட்டுமிராண்டிகளாக்கப் போகும் அந்த மக்கள் யார்? மெர்போக்குக்குப் பக்கத்தில் சுங்கை பத்துவில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தார் 2009 முதல் தோண்டி வருகிறார்கள். பாமாயில் தரும் செம்பனைத் தோட்டத்து மண்ணுக்கு அடியிலிருந்து இரும்பு உருக்கிய உலைக்களங்கள் வந்தன. உலைக்குக் காற்று ஊதிய சுட்ட களிமண் குழாய்கள் குவியல் குவியலாகக் கிடந்தன. ஒரு முனை வெந்து கறுத்து, உருகிய கசடு ஒட்டிப்போன குழாய்கள். ஆற்றங்கரையில் படகுத்துறைகளின் செங்கல் அடித்தளங்கள். அந்தக் களங்களின் தேதி பற்றி அறிஞர்களுக்குள் வழக்கு இருக்கிறது. இரும்பு உருக்கினார்கள், துறைமுகம் நடத்தினார்கள் என்பதில் வழக்கு இல்லை. பள்ளத்தாக்கில் சீனப் பீங்கானும் மேற்காசியக் கண்ணாடியும் கிடைத்திருக்கின்றன. பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்துத் தெருவில் குவிந்து கிடந்த சரக்குகளில் "ஈழத்து உணவும் காழகத்து ஆக்கமும்" என்று பாடுகிறதே, அந்தக் காழகம் கடாரம்தான் என்று நச்சினார்க்கினியர் உரை எழுதியிருக்கிறார். நம்மோடு ஆயிரம் ஆண்டு கொடுக்கல் வாங்கல் வைத்திருந்த ஊர்க்காரர்களுக்கு ஒரே படத்தில் கோரைப்பல் முளைக்க வைக்காதீர்கள்.

உங்களுக்குச் சென்னையில் தெரியாத ஒரு சங்கடம் எங்களுக்கு இங்கே இருக்கிறது. இந்தப் பள்ளத்தாக்கில் இந்தியாவின் சுவடே இல்லை என்று சாதிக்கிறவர்கள் ஒரு பக்கம். எல்லாமே தமிழன் கட்டியது, இந்த நாடே நாம் ஆண்டது என்று மார் தட்டுகிறவர்கள் இன்னொரு பக்கம். நடுவில் கற்கள். 2013-ல், ஆய்வாளர்கள் பதினொன்றாம் எண் கொடுத்திருந்த கோயிலின் எச்சங்களை வீட்டுமனை போடுவதற்காக இயந்திரம் வைத்து வழித்துவிட்டார்கள். தனியார் நிலம், அரசிதழில் பாதுகாக்கப்பட்ட இடமாக அறிவிக்கப்படவில்லை என்று பதில் வந்தது. அப்போது எழுந்த கூச்சலில் மலாய்க்காரர்களும் சீனர்களும் எங்களோடு சேர்ந்து நின்றார்கள். அது எல்லாருக்கும் பொதுவான பழஞ்சொத்து என்பதால். (நாகப்பட்டினத்தில் மிஞ்சியிருந்த பௌத்தக் கோபுரத்தை 1867-ல் இடித்தபோது யார் அழுதார்கள் என்று தெரியவில்லை.) உங்கள் படத்தைப் பார்த்துவிட்டு வருகிற எங்கள் பிள்ளை, தேசியப் பள்ளியில் பக்கத்தில் உட்காரும் மலாய் நண்பனிடம் "எங்கள் ராஜா உங்கள் நாட்டைப் பிடித்து ஆண்டார்" என்று சொன்னால், அந்தப் பொதுச் சொத்து அன்றைக்கே இரண்டாகிவிடுகிறது. அடுத்த கோயிலை இடிக்க வரும்போது கூட நிற்க ஆள் குறையும். இன்றைக்கும் பூஜாங் அருங்காட்சியகத்து வாசலில் வரவேற்பவரும், கல்லிடுக்கில் முளைக்கும் புல்லைப் பிடுங்குகிறவரும் மலாய்க்காரர்கள்தான். சோழன் வந்து அவர்களுடைய பாட்டனாரை வெட்டினான் என்பதற்குக் கைதட்டும் கூட்டத்தை அழைத்துக்கொண்டு அவர்கள் முன்னால் நான் நிற்க வேண்டியிருக்கிறது.

அப்படியானால் புராணமே எடுக்கக் கூடாதா என்று கேட்பீர்கள். தாராளமாக எடுங்கள். இன்னும் சொல்லப்போனால் அதற்கான சரக்கும் மலாய்க்காரர்களிடமே இருக்கிறது. செஜாரா மெலாயு என்ற மலாய் வரலாற்றுக் காவியத்தில் ராஜா சூரன் என்று ஒருவன் வருகிறான். சோழனின் நிழல் அவன் மேல் விழுந்திருப்பதாகப் பல அறிஞர்கள் கருதுகிறார்கள். இந்தியாவிலிருந்து கடல்போல் சேனை திரட்டிக்கொண்டு வந்து, கங்கா நகரத்தைப் பிடித்து, சீனாவைப் பிடிக்கப் புறப்படுகிறான். சீன மன்னன் ஒரு வேலை செய்கிறான். பல் விழுந்த கிழவர்களை ஒரு கப்பலில் ஏற்றி, துருப்பிடித்த ஊசிகளையும் காய்க்கிற பழமரங்களையும் வைத்து எதிரே அனுப்புகிறான். "நாங்கள் கிளம்பும்போது சிறுவர்கள், இந்த மரங்கள் அப்போது விதைகள், இந்த ஊசிகள் கை மொத்தத்துக்கு இரும்புக் கம்பிகள்" என்கிறார்கள் கிழவர்கள். சீனா அவ்வளவு தூரமா என்று மலைத்து ராஜா சூரன் திரும்பிவிடுகிறான். பிறகு கண்ணாடிப் பெட்டிக்குள் உட்கார்ந்து கடலடிக்குப் போகிறான். அங்கே ஓர் இளவரசியை மணக்கிறான். மலாக்கா சுல்தான்களின் வம்சமே அந்த வழியில் வந்ததாகக் கதை. கெடா அரசர்களின் பழங்கதையிலோ கருடனே ஒரு பாத்திரம். ரோமாபுரி இளவரசனுக்கும் சீன இளவரசிக்கும் கல்யாணம் நடக்கவிடாமல் தடுப்பதாக அது சுலைமான் நபியிடம் பந்தயம் கட்டுகிறது. 2011-ல் அந்தக் கதையை வைத்து இங்கே பெரிய பொருட்செலவில் ஒரு மலேசியப் படமும் வந்தது. அது புராணம் என்பது பார்க்கிற எல்லாருக்கும் தெரியும். கண்ணாடிப் பெட்டியில் கடலுக்குள் இறங்கும் சோழனை நீங்கள் எடுத்தால் முதல் டிக்கெட் நான் வாங்குகிறேன்.

என் வழக்கு வேறு. படம் தொடங்கும்போது, எல்லாம் கற்பனை, எவரையும் குறிப்பிடுவன அல்ல என்று பொடி எழுத்தில் ஓடவிடுகிறீர்கள். அதே படத்துக்குச் சுவரொட்டியில் "மறைக்கப்பட்ட தமிழர் வரலாறு" என்று கொட்டை எழுத்தில் போடுகிறீர்கள். தணிக்கைக்கும் வழக்குக்கும் கற்பனை, வசூலுக்கு வரலாறு. பிழையைச் சுட்டிக்காட்டினால் "இது படம்தானே" என்பது பதில். படத்தைப் பிடிக்கவில்லை என்றால் "தமிழன் பெருமை பிடிக்காதவன்" என்பது பதில். இரண்டு படகிலும் கால் வைத்திருப்பதால்தான் உங்களை யாராலும் பிடிக்க முடியவில்லை. மறைக்கப்பட்டது என்று சொல்வதே எனக்கு வேடிக்கையாக இருக்கிறது. மெய்க்கீர்த்தி அச்சாகி நூறு ஆண்டுக்கு மேல் ஆகிறது. லெய்டன் செப்பேட்டைப் பற்றி எந்த நல்ல நூலகத்திலும் படிக்கலாம். யாரும் ஒளித்து வைக்கவில்லை, நீங்கள் திறந்து பார்க்கவில்லை.

சில்லறைச் சமாச்சாரங்களையும் சொல்லிவிடுகிறேன், பின்னால் உதவும். கெடாவிலோ பேராவிலோ வெளிப்புறப் படப்பிடிப்பு என்றால் பின்னணியில் என்ன நிற்கிறது என்று பாருங்கள். ரப்பர் இங்கே வேரூன்றியது 1877-க்குப் பிறகு. செம்பனை ஆப்பிரிக்க மரம். மலாயாவில் முதல் வணிகத் தோட்டம் போட்டது 1917-ல். ராஜேந்திரனின் படை செம்பனை வரிசைக்கு நடுவே அணிவகுத்தால் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் திரையரங்கிலேயே சிரிப்பார்கள். பாதிப் பேரின் பாட்டனார் அந்த மரங்களுக்கு அடியில்தான் வேலை செய்தார்கள். மரவள்ளி, மிளகாய், மக்காச்சோளம் மூன்றும் அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு. போர்ச்சுகீசியர் வருவதற்கு முன் சோழ வீரன் எவனும் பச்சைமிளகாய் கடித்ததில்லை. விண்ணைத் தொடும் வாசல் கோபுரங்களும் வேண்டாம். ராஜராஜன் காலத்தில் 216 அடி உயர்ந்தது விமானம், வாசல் கோபுரம் அடக்கமாகத்தான் நின்றது. காற்றையும் மறக்காதீர்கள். நாகப்பட்டினத்திலிருந்து கிழக்கே வரத் தென்மேற்குப் பருவக்காற்று வேண்டும். திரும்பிப் போக வடகிழக்குப் பருவக்காற்று வரும்வரை காத்திருக்க வேண்டும். பிடித்த துறைமுகத்தில், தோற்ற மக்களுக்கு நடுவே, காற்றுக்காக மாதக்கணக்கில் காத்துக் கிடக்கும் ஒரு படை! இதைவிடப் பெரிய இடைவேளைக் காட்சி உங்களுக்கு வேறு எங்கே கிடைக்கும்? ஆமைகளைப் பின்தொடர்ந்து கப்பல் ஓட்டினார்கள் என்ற கதைக்குக் கல்வெட்டுச் சான்று ஒன்றும் இல்லை. போடுவதாக இருந்தால் ஒரு பாட்டில் போட்டுவிட்டுப் போங்கள்.

என் கோரிக்கை பெரிதல்ல. புராணம் எடுக்கிறீர்களா, வரலாறு எடுக்கிறீர்களா என்பதைச் சுவரொட்டி அச்சாவதற்கு முன் முடிவு செய்யுங்கள். வரலாறு என்றால், எதைச் சான்றிலிருந்து எடுத்தீர்கள், எதைச் சேர்த்தீர்கள் என்று படத்தோடு ஒரு சிறு நூல் வெளியிடுங்கள். ஒரு பாட்டின் நடனச் செலவில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது. வரலாற்று ஆலோசகர் என்று பெயர் போடுகிற அறிஞருக்குப் படப்பிடிப்புக்கு முன்பே கதையைக் காட்டுங்கள், முடிந்த பிறகு சால்வை போர்த்தாதீர்கள். கெடா மண்ணில் பல ஆண்டுகள் மண்வெட்டியோடு நின்ற மலேசிய ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரையாவது கேளுங்கள். கடாரத்துப் பாத்திரங்களுக்கு இங்குள்ள நடிகர்களைப் போடுங்கள், அவர்களுக்குப் பேச வசனமும் கொடுங்கள். சங்கிராம விசயோத்துங்கவர்மனுக்கு உங்களிடம் இருக்கும் மிக நல்ல நடிகரைத் தேடுங்கள். யானையோடு பிடிபட்டான் என்பதற்கு மேல் அவனைப் பற்றி மெய்க்கீர்த்தி எதுவும் சொல்லவில்லை. பிடிபட்ட பிறகு அவன் ராஜேந்திரன் முகத்தைப் பார்த்து ஆனைமங்கலத்தைப் பற்றிக் கேட்டிருந்தால் என்ன பதில் கிடைத்திருக்கும் என்று ஒரு காட்சி எழுதிப் பாருங்கள். அந்தக் காட்சி கற்பனைதான். ஆனால் அதில் பொய் இல்லை.

இடம் பார்க்க வருவதானால் ஜனவரியிலோ பிப்ரவரியிலோ வாருங்கள். கெடாவில் மழை குறைவான மாதங்கள். அருங்காட்சியகம், புக்கிட் பத்து பஹாட், சுங்கை பத்து மூன்றையும் ஒரே நாளில் காட்டிவிடலாம். மறுநாள் புக்கிட் மெர்தாஜாமில் செயிண்ட் ஆன் தேவாலய வளாகத்துக்குள் இருக்கும் பல்லவ எழுத்துக் கல்லுக்கும் போகலாம். அதைக் கேட்டு வருகிறவர்கள் மிகக் குறைவு. வழிகாட்டிக் கூலி வேண்டாம். சுவரொட்டியில் என்ன வாசகம் போடப்போகிறீர்கள் என்பதை மட்டும் வண்டியில் ஏறுவதற்கு முன்பே கேட்பேன்.

இப்படிக்கு,
பினாங்கிலிருந்து ஒரு சுற்றுலா வழிகாட்டி